பிடரியில் எழுதிய வரலாறு

பழைய பொம்மை ஒன்றைக் கையில் கொடுத்தால் எல்லோரும் முதலில் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் முடியை விலக்கிப் பிடரியைப் பார்ப்பேன். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற தரகனின் புத்தி இது என்று என் தங்கை சொல்வாள். சொல்லட்டும். முகத்தில் என்ன இருக்கிறது? ரோசாக் கன்னம், கண்ணாடிக் கண், சற்றே திறந்த வாய், உள்ளே நான்கு பற்கள். நூறு பொம்மைக்கும் ஏறக்குறைய ஒரே முகம். எந்த ஊர்ச் சூளையில் வெந்தது, எந்தச் சட்டத்துக்காக முத்திரை குத்தினார்கள், எந்தப் போரில் வரத்து நின்றது என்பதெல்லாம் பிடரியில் இருக்கிறது. கொழும்பில் கிடைக்கும் பழைய பொம்மைகளை ஆண்டு வரிசையில் அடுக்கினால் போதும், இந்தத் துறைமுகத்தின் நூறாண்டுக் கதை தானாகவே வந்து நிற்கும்.

பொம்மை சேர்க்கிறவர்களுக்கு அரிச்சுவடியாக ஒரு சட்டம் இருக்கிறது. 1890இல் ஐக்கிய அமெரிக்கா கொண்டுவந்த சுங்கச் சட்டம் அது. மக்கின்லி முன்வைத்ததால் அவர் பெயரால் வழங்குகிறது. நாட்டுக்குள் வருகிற பண்டத்தில் அது எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று எழுதியிருக்க வேண்டும் என்றது. 1891இல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கச் சட்டத்துக்கும் கொழும்புக்கும் என்ன தொடர்பு? ஜேர்மன் தொழிற்சாலைக்காரர் நியூயோர்க்குக்கு ஓர் அச்சு, கொழும்புக்கு வேறோர் அச்சு என்று வைத்திருக்கவில்லை. ஒரே அச்சில் வார்த்த தலைகள்தான் இரண்டு துறைமுகங்களுக்கும் போயின. ஆகவே பிடரியில் நாட்டின் பெயர் இருந்தால், பெரும்பாலும் அது 1891க்குப் பிந்திய பொம்மை. ‘நிப்பொன்’ என்று எழுதியிருந்தால் 1921க்கு முந்தியதாக இருக்கும். அந்த ஆண்டில் அமெரிக்கச் சுங்கத்தினர் ‘ஜப்பான்’ என்றே எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். முத்திரையே இல்லாவிட்டால் அதற்கும் முந்தியது என்று துள்ளிக் குதிக்கக் கூடாது. காகிதச் சீட்டை மட்டும் ஒட்டி அனுப்பியவர்களும் உண்டு, சீட்டு முதல் வாரத்திலேயே குழந்தையின் கையில் கிழிந்திருக்கும்.

என் அலுமாரியில் மூத்தவளின் பிடரியில் அர்மான்ட் மார்செய் என்ற பெயர், ஜேர்மனி, 390 என்ற எண், அதன் கீழே அளவைக் குறிக்கும் எழுத்துகள். பெயரைப் பார்த்தால் பிரெஞ்சுக்காரர் என்று தோன்றும். ரஷ்யப் பேரரசில் பிறந்து, 1880களில் ஜேர்மனியின் துரிங்கியாப் பகுதியில் தொழில் தொடங்கியவர் அவர். 390 என்பது அச்சு எண். பல பத்தாண்டுகள் ஓய்வில்லாமல் வார்த்த அச்சு அது; உலகத்தில் மிக எளிதாகக் கிடைக்கும் பழைய பீங்கான் பொம்மைகளில் ஒன்று. பெரிய விலை போகாது. பாரிஸின் ஜுமோ, ப்ரூ பொம்மைகள் வைத்திருக்கிறவர்கள் இதைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். எனக்கு இதில்தான் ஈடுபாடு. ஜுமோ சீமான் வீட்டுப் பெண்ணுக்கு வாங்கியது. 390 கடையில் காசு எண்ணி வாங்கியது.

பம்பலப்பிட்டியில் காலி வீதிக்குக் கடல் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், விற்கப்போகிற வீடு ஒன்றின் சாமான்களோடு அவள் வந்தாள். கையில் எடுத்ததும் தலையைத் திறந்து பார்த்தேன். இந்தத் தலைகளின் உச்சி வெட்டுண்டு திறந்திருக்கும். அதை அடைக்க அட்டையில் ஒரு மூடி, மூடியின் மேல் முடி. மூடியைக் கழற்றிவிட்டு, இருட்டான இடத்தில் சிறிய டோர்ச் ஒன்றை உள்ளே விட்டால் முகம் முழுவதும் உள்ளிருந்து வெளிச்சமாகும். நல்ல பீங்கானில் ஒளி சீராகப் பரவும். விரிசல் இருந்தால் மயிரிழைக் கோடாகக் கறுத்துத் தெரியும். ஒட்டுப் போட்ட இடம் திட்டாக இருண்டு நிற்கும். இவளுக்கு இடது காதின் மேலே ஒரு கோடு ஓடுகிறது, கண்குழியை எட்டவில்லை. உள்ளே கண்களின் பொறியும் தெரிகிறது. இரண்டு கண்ணாடிக் கண்களையும் ஒரு கம்பி இணைக்கிறது, கம்பியிலிருந்து ஓர் ஈயக்குண்டு தொங்குகிறது. நிமிர்த்தினால் குண்டு கீழே இழுத்துக் கண் திறக்கும். படுக்க வைத்தால் குண்டு பின்னே சாய்ந்து கண் மூடும். கண்களை இருத்தியிருப்பது வெள்ளைச் சாந்து. அந்தச் சாந்தில் ஒரு விரல் பதிந்திருக்கிறது. ரேகை தெரியாது, விரல் நுனியின் பள்ளம் மட்டும் தெரியும். பெரிய ஆளின் விரலாக எனக்குத் தோன்றவில்லை.

அப்படித் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. துரிங்கியாவின் சொன்னெபெர்க் நகரமும் சுற்றியுள்ள ஊர்களும் பொம்மையால் பிழைத்தவை. தலையை வார்ப்பது தொழிற்சாலையின் வேலை. கயோலின் களிமண்ணைக் கரைத்து அச்சில் ஊற்றி, இறுகியதும் எடுத்துக் கண்ணும் வாயும் வெட்டி, 1,200 பாகைக்கு மேல் சுட்டு, வண்ணம் தீட்டி, மறுபடி குறைந்த சூட்டில் சுடுவார்கள். மெருகு பூசாமல் விடுவதால் தோலின் மங்கல் வருகிறது. மற்றதெல்லாம் வீட்டு வேலை. ஒரு வீட்டில் கை கால், இன்னொரு வீட்டில் கண், வேறொரு வீட்டில் உடுப்பு, முடி. அடுப்படியிலேயே பசை காய்ச்சி, அங்கேயே உண்டு, அங்கேயே உறங்கி, பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு செய்த வேலை. முடிந்த சரக்கை முதுகுக் கூடையில் ஏற்றிப் பெண்கள் வணிகரிடம் சுமந்து போவார்கள். கூலியை வணிகர் சொல்வார்.

அந்தக் கூடைப் பெண்களின் பழைய படம் ஒன்றை மலையகத்து நண்பர் ஒருவருக்குக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, உடுப்பை மாற்றினால் எங்கள் அப்பாயிதான் என்றார். அவர் வேடிக்கைக்குச் சொன்னாலும் கணக்குச் சரி. அதே ஆண்டுகளில் நம்முடைய பெண்கள் கூடை சுமந்து பறித்த கொழுந்து கொழும்பிலிருந்து கப்பலேறியது. துரிங்கியாவின் பெண்கள் கூடை சுமந்து கொண்டுபோன பொம்மை கொழும்பில் வந்து இறங்கியது. தோட்டத்துத் துரையின் மகள் பொம்மையை மேசையில் இருத்தி, சின்னஞ்சிறு கோப்பையில் தேநீர் ஊற்றி விளையாடியிருப்பாள்.

சுயஸ் கால்வாய் 1869இல் திறந்தது. கொழும்பின் தென்மேற்கு அலைதாங்கி 1885இல் முடிந்தது. அதற்குப் பிறகு கிழக்கே போகிற கப்பலெல்லாம் இங்கே நிலக்கரி ஏற்ற நின்றது. பொம்மைக்கு வழி பிறந்தது. கோட்டையில் கார்கில்ஸ் போன்ற பெருங்கடைகளில் சீமைச் சரக்கு நிறைந்திருந்த காலம் அது. யோர்க் வீதியில் இன்றும் நிற்கிற அந்தச் சிவப்புக் கட்டடம் 1906இல் எழுந்தது. நத்தார் காலத்தில் அங்கே போய்ப் பிள்ளைக்குப் பொம்மை வாங்கக் கூடியவர்கள் யார்? துரைமார், உயர் உத்தியோகத்தர், ஐரோப்பியக் கலப்பு வழிவந்த பறங்கியர், எல்லா இனத்திலும் கையில் காசுள்ள கொஞ்சப் பேர். மற்றவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார்கள்.

1914 வந்தது. செப்டெம்பரில் எம்டன் என்ற ஜேர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டது. இலங்கைக் கடலில் வணிகக் கப்பல்களைப் பிடித்துக்கொண்டு திரிந்தது. அடம்பிடிக்கிற பிள்ளைகளுக்கு எம்டன் வருகிறான் என்று பூச்சாண்டி காட்டத் தொடங்கினார்கள். முந்திய நத்தாருக்கு ஜேர்மன் பொம்மை வாங்கிக் கொடுத்த அதே வீடுகளிலும் காட்டியிருப்பார்கள். நவம்பர் 9ஆம் திகதி கொக்கோஸ் தீவுக்கருகே எம்டனை அவுஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி முடித்துவைத்தது. பிடிபட்ட மாலுமிகளைக் கொழும்புக்குத்தான் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டு ஜேர்மனியிலிருந்து கடைசியாக வந்தவர்கள் அவர்களாக இருந்திருப்பார்கள், பொம்மைகளுக்கு வழி அடைபட்டுவிட்டது. பிரித்தானியாவின் ஸ்டாஃபர்ட்ஷயர் பீங்கான்காரர்கள் அந்த இடத்தைப் பிடிக்க முயன்றார்கள். தேநீர்க் கோப்பை செய்கிற கை பொம்மையின் முகத்தில் தடுமாறியது. கண்கள் முழித்துக்கொண்டு நிற்கும். இடத்தைப் பிடித்தது ஜப்பான்.

ஜப்பான் பொம்மைகளில் என் மனதுக்கு நெருக்கமானது செலுலொயிட். பஞ்சை நைத்திரிக் அமிலத்தில் பதப்படுத்தி, அதனுடன் கற்பூரம் சேர்த்துப் பிசைந்தால் கிடைப்பது அது. அமெரிக்காவின் ஹயட் சகோதரர்கள் 1870இல் காப்புரிமை பெற்றார்கள். ஜேர்மனியின் மன்ஹைம் நகரத்துத் தொழிற்சாலை ஒன்று செலுலொயிட் பொம்மைக்கு ஆமை முத்திரை குத்தி, ஆமையின் ஓட்டைப் போல உறுதியானது என்று விற்றது. 1895இல் தாய்வானைப் பிடித்த ஜப்பான், அங்குள்ள கற்பூரக் காடுகளின் வணிகத்தை 1899இல் அரசின் தனியுரிமை ஆக்கிக்கொண்டது. கற்பூரம் கையில் இருந்தவனுக்குச் செலுலொயிட் கைவந்தது. 1930களில் உலகக் குழந்தைகளின் கையில் இருந்த எடை குறைந்த, மலிவான, கிலுகிலுக்கும் பொம்மைகளில் பெரும்பங்கு ஜப்பானில் செய்தவை.

சோதிப்பதற்கு மூக்கு போதும். பொம்மையின் முதுகைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துச் சூடேறியதும் முகர்ந்து பார்த்தால் கற்பூர வாசனை வரும். மேலைநாட்டுச் சேகரிப்பாளர்கள் இதை மருந்துக்கடை வாசனை என்று எழுதுகிறார்கள். எனக்கு வருவது கொட்டாஞ்சேனையில் பெரியம்மாவின் சாமியறை.

பெரியம்மா வீட்டில் கொலு வைப்பார்கள். யாழ்ப்பாணத்து வீடுகளில் நவராத்திரிக்குக் கும்பம் வைத்து, ஏடு அடுக்கிப் பூசை செய்வதோடு முடித்துக்கொள்பவர்கள் அதிகம். பெரியம்மாவின் புகுந்த வீட்டார் தமிழ்நாட்டிலிருந்து வணிகத்துக்கு வந்தவர்கள். கொலு அவர்களுடைய வழக்கம். உச்சிப் படியில் செம்மரத்தில் செதுக்கிய மரப்பாச்சி ஆணும் பெண்ணும், கல்யாணச் சீராக வந்தவை. அடுத்து பண்ருட்டிக் காகிதக்கூழ்ப் பொம்மைகள், தஞ்சாவூர்த் தலையாட்டி. கீழ்ப்படிகளில் நாட்டு வேறுபாடே இல்லாமல் எல்லாம் வரும்: பீங்கான் நாய், சீனத்துச் சிரிக்கும் கிழவர், கோட்டையிலிருந்து வந்த நீலக்கண்காரி. அவர்களுக்கு நடுவே ஒரு கியூப்பி. அமெரிக்கப் பெண் ஓவியர் ரோஸ் ஓ’நீல் 1909இல் ஒரு பெண்கள் இதழுக்கு வரைந்த கொழுகொழுத் தேவதைக் குழந்தைகள்தான் கியூப்பிகள். 1913 வாக்கில் ஜேர்மனியில் பீங்கானில் செய்தார்கள், பிறகு ஜப்பான் செலுலொயிட்டில் வார்த்துக் குவித்தது. தொந்தி, கள்ளச்சிரிப்பு, உடம்பில் துணி கிடையாது, உச்சியில் ஒரு குடுமி. பெரியம்மா அதற்கு இடுப்பில் மஞ்சள் பட்டு சுற்றி, குடுமியில் மயிலிறகு செருகிப் பாலகிருஷ்ணன் ஆக்கிவிட்டிருந்தார். அயலில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கற்பூரத் தட்டை அந்தப் படிக்குக் கிட்டே கொண்டுபோக மட்டும் யாரையும் விடமாட்டார், அது பற்றிக்கொள்ளும் என்பார். வேதியியல் படிக்காமலே சரியாகச் சொன்னார். நைத்திரேற்றிய பஞ்சும் கற்பூரமும் சேர்ந்தால் தீக்குச்சி கிட்டே போனாலே போதும். மேசைப்பந்தாட்டப் பந்துகள் அண்மைக்காலம்வரை செலுலொயிட்டில்தான் இருந்தன; பன்னாட்டுச் சம்மேளனம் 2014இல்தான் வேறு பிளாஸ்டிக்குக்கு மாறியது.

பொம்மையை வைத்து இரண்டு நாடுகள் நட்புப் பாராட்டிய கதையும் ஜப்பானுடையதுதான். 1927இல் அமெரிக்கப் பிள்ளைகளின் பெயரால் 12,000க்கும் மேற்பட்ட பொம்மைகள் ஜப்பானியப் பள்ளிகளுக்குப் போயின. சிட்னி குலிக் என்ற பாதிரியாரின் முயற்சி அது. பதிலுக்கு ஜப்பான் 58 பெரிய பொம்மைகளைச் செய்து, பட்டு உடுத்தி அனுப்பியது. போர் வந்ததும் அமெரிக்கப் பொம்மைகளில் பெரும்பாலானவற்றை எதிரியின் பொம்மை என்று எரித்தார்கள். சில ஆசிரியர்கள் ஒளித்துவைத்ததால் சில நூறு தப்பின.

இங்கே 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மேல் குண்டு போட்டன. துறைமுகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்த பெரியம்மா வீட்டாரும் ஊரைவிட்டு வெளியே ஓடி, கொஞ்ச நாள் கழித்துத் திரும்பினார்கள். கியூப்பியை யாரும் எரிக்கவில்லை. அதற்குள் அது கிருஷ்ணனாகி இருந்ததே.

போர் முடிந்து, 1947க்கும் 1952க்கும் இடையில் வந்த ஜப்பான் பொம்மைகள் சிலவற்றின் முதுகில் ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். தோற்ற நாடு தன் தோல்வியைத் தானே பொம்மையின் முதுகில் குத்தி விற்க வேண்டியிருந்தது. சேகரிப்பாளர்கள் இந்த முத்திரைக்கு விலை கூட்டிக் கொடுக்கிறார்கள், எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கூச்சம் வரும். அந்த முத்திரையை முடித்துவைத்தது சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கை. 1951 செப்டெம்பரில் அந்த மாநாட்டில் இலங்கையின் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன, பகையால் பகை தணியாது என்ற புத்தரின் வாக்கைச் சொல்லி, ஜப்பானிடம் இழப்பீடு கேட்க மாட்டோம் என்றார். 1952 ஏப்ரலில் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது, பொம்மையின் முதுகு மாறியது. ஜே. ஆரை மறந்துவிட வேண்டாம், இன்னும் இரண்டு இடத்தில் வருவார்.

1956இல் சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்தபின் பறங்கியர் குடும்பம் குடும்பமாக அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார்கள். வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்குப் போயின. பியானோவுக்கும் கருங்காலிக் கதிரைக்கும் ஆள் இருந்தார்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீட்டில் தலைமுடி உதிர்ந்த பொம்மையை யார் கேட்பார்? இதர சாமான்கள் என்று ஒரு பெட்டியில் போட்டு, அலுமாரியோடு இலவசமாகத் தள்ளிவிட்டார்கள். கொழும்பில் இன்று வெளிப்படும் ஜேர்மன் பொம்மைகளில் பல, அந்தப் பெட்டிகளின் மிச்சம். வாங்கியவர்களுக்கு என்னவென்று தெரியாது. எறியவும் மனம் வராமல் தட்டில் போட்டுவைத்தார்கள்.

ஐம்பதுகளில் பிரித்தானியாவின் கெட்டிப் பிளாஸ்டிக் பொம்மைகள் வந்தன. லைன்ஸ் சகோதரர்களின் பெடிகிரி, நோர்தாம்டன்ஷயரில் செய்த ரோஸ்பட். அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. நல்ல பொம்மைகள்தான், உடைய மாட்டா, அதனாலேயே சலிப்பானவை. பிறகு 1970 முதல் 1977வரை அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில் இறக்குமதியை இறுக்கிய காலம். பாணுக்கும் துணிக்கும் வரிசையில் நின்ற ஊரில் சீமைப் பொம்மைக்கு எங்கே இடம்? ஆண்டு வரிசையில் அடுக்கினால் என் அலுமாரியில் அந்தத் தட்டுதான் வெறுமையாகக் கிடக்கும். 1977இல் ஜே. ஆர். ஆட்சிக்கு வந்து பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார். புறக்கோட்டை நடைபாதைகளில் ஹொங்கொங், தாய்வான் என்று முதுகில் எழுதிய பொம்மைகள் குவிந்தன. 1959இல் அமெரிக்காவில் அறிமுகமாகி, ஆரம்பத்தில் ஜப்பானில் செய்த பார்பியும், அவளைப் பார்த்து வார்த்த போலிகளும் அப்போதுதான் நம்முடைய நடுத்தர வீடுகளை எட்டின.

1983 ஜூலையில் பெரியம்மாவின் வீடு எரிந்தது. அப்போது நாட்டின் ஜனாதிபதி அதே ஜே. ஆர். கொலுப் பெட்டி வீட்டோடு போயிற்று. மரப்பாச்சி, காகிதக்கூழ், செலுலொயிட் என்று எல்லாமே எரியக்கூடிய பொருள். நீலக்கண்காரியின் பீங்கான் தலை அந்தச் சூட்டைத் தாங்கியிருக்கும், அவள் பிறந்த சூளை அதைவிடக் கடுமையானது. ஆனால் சாம்பலைக் கிளறித் தேடப் போகிற நிலையில் யாரும் இருக்கவில்லை. அகதி முகாம், பிறகு காங்கேசன்துறைக்குக் கப்பல். கொழும்பில் பழைய பொம்மை தேடுகிறவர்களுக்குத் தமிழ் வீட்டிலிருந்து வந்த பொம்மை என்று ஒன்று கிடைப்பது அரிதாக இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தப்பியவற்றைத் தீர்த்துக்கட்டுவதற்குக் கொழும்பின் காற்றே போதும். ஈரப்பதன் எழுபது, எண்பது வீதத்துக்குக் கீழே இறங்குவது அருமை. வெள்ளவத்தையில் கடலோரமாக இருக்கிற எனக்கு உப்பும் உபரி. பீங்கான் தலைக்கு ஒன்றும் ஆகாது. உடம்புதான் மரத்தூளும் பசையும் கலந்து அழுத்திய பண்டம். ஈரம் குடித்து ஊதி, மேல்பூச்சு வெடித்துச் செதில் செதிலாக வரும். அந்தப் பசை கரப்பானுக்குப் பிடித்த தீனி. அங்கோரா ஆட்டு உரோமத்தில் செய்த முடியை அந்துப்பூச்சி பார்த்துக்கொள்ளும், பஞ்சு உடுப்பின் கஞ்சியை இராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்ளும். கை கால்களை உள்ளே இழுத்துக் கட்டியிருக்கும் இறப்பர் நாடா இளகி, ஒரு நாள் நடுச்சாமத்தில் அறுந்து, பொம்மை கை கால் வேறாகக் கொட்டும். முதல்முறை அதைக் கேட்ட என் வீட்டுக்காரர் திருடன் என்று எழுந்து ஓடினார்.

பூச்சி உருண்டை போடாதீர்கள். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும். வேப்பிலை போடலாம், பூச்சிக்குச் சிரிப்பாக இருக்கும். நான் நம்புவது சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா மணிகளையும், பருத்தித் துணியையும், மாதமொருமுறை எடுத்துப் பார்ப்பதையும்தான். செலுலொயிட்டைக் காற்றுப்புகாத டப்பாவில் அடைத்தால் தன் அமில ஆவியில் தானே கெடும், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். வெயில் படாத, காற்றோட்டமான தட்டில் தனியாக இருக்க வேண்டும். ஐம்பதுகளின் பிரித்தானியப் பிளாஸ்டிக்கில் வினாகிரி மணம் வந்தால் அந்தப் பொம்மை உருக்குலையத் தொடங்கிவிட்டது என்று பொருள், அதையும் பிரித்து வையுங்கள். பழைய பார்பியின் காதைச் சுற்றிப் பச்சை படர்ந்தால் தோட்டின் உலோகம் கசிகிறது, தோட்டைக் கழற்றி வையுங்கள். முகத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவும் ஆசை எல்லோருக்கும் வரும். இருபதுகள், முப்பதுகளின் மலிவு ரகங்களில் வண்ணத்தைச் சூளையில் சுடாமல் மேலே பூசி மட்டும் விட்டிருப்பார்கள். காதின் பின்னே ஈரப்பஞ்சால் தொட்டுப் பாருங்கள். நிறம் பஞ்சில் வந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

போலிகளைப் பற்றிக் கேட்கிறார்கள். எண்பதுகள், தொண்ணூறுகளில் வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் கொண்டுவந்த, சான்றிதழோடு பெட்டியில் வரும் பீங்கான் பொம்மைகள் கொழும்பில் நிறைய. அவை போலியல்ல, புதியவை. விலையை எதிர்பார்த்து வைத்திருக்காதீர்கள், பேத்தியிடம் விளையாடக் கொடுங்கள்.

மெல்போர்ணில் இருக்கும் ஒரு சேகரிப்பாளரிடம் என் 390இன் படத்தை அனுப்பியபோது அவர் முதலில் சொன்னது, உடுப்பை மாற்றுங்கள் என்பது. அவள் உடுத்தியிருப்பது பாவாடையும் சட்டையும். பாவாடை ஒரு கூறைச் சேலையின் கரையிலிருந்து வெட்டியது. சட்டைக்கு முதுகில் இரண்டு பிரஸ் பொத்தான்கள், ஒன்று பெரியது, ஒன்று சிறியது. கையால் போட்ட தையல், உள்மடிப்புக்கூட ஒழுங்காக இருக்கிறது. பழைய ஐரோப்பியச் சரிகை உடுப்பு ஒன்று வாங்கிப் போட்டால் விலை கூடும் என்பது அவர் வாதம். சேகரிப்பாளர் உலகத்தில் அது நியாயமான வாதம். ஆனால் துரிங்கியாவில் பிறந்த ஒருத்தி பம்பலப்பிட்டியில் ஒரு பறங்கியர் வீட்டிலோ தமிழ் வீட்டிலோ வாழ்ந்ததற்கு அந்தப் பாவாடையைத் தவிர வேறு சாட்சி கிடையாது. பிடரி அவள் புறப்பட்ட ஊரைச் சொல்கிறது, வந்து சேர்ந்த ஊரைப் பாவாடைதான் சொல்கிறது.

பிடரியில் எழுத இடமே இல்லாத பொம்மைகளிடம் என் முறை தோற்றுவிடுகிறது. பனையோலைக் கிலுகிலுப்பை, குரும்பட்டித் தேர், மரப்பாச்சி, பழந்துணியில் பஞ்சு திணித்துக் கரிக்கட்டியால் கண் எழுதிய பாவைப்பிள்ளை. இவற்றுக்கு நாடு, ஆண்டு, அச்சு எண் எதுவும் இல்லை. சங்கப் பாடலில் பைஞ்சாய்க் கோரையால் பாவை செய்து விளையாடுகிறாள் பெண், அதையும் யாரும் எடுத்துவைக்கவில்லை. அம்பலாங்கொடை, பலப்பிட்டிப் பக்கத்துக் கயிற்றுப் பாவைகளுக்குக் கூத்து இருந்ததால் ஆதரவு கிடைத்தது. யுனெஸ்கோ 2018இல் அந்தப் பாவைக்கூத்தைத் தன் பட்டியலில் சேர்த்தது. வீட்டுத் துணிப் பொம்மைக்கு அப்படி யாரும் இல்லை. சேகரிப்பாளர்களும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள்.

வெறுமையாகக் கிடக்கிறது என்று சொன்னேனே, 1970 முதல் 1977வரையிலான தட்டு, அதற்கு உரியவை அவைதான். சேலைத் தலைப்பிலும் மாத்துணிப் பையிலும் அம்மாமார் தைத்துக் கொடுத்தவை. உங்கள் வீட்டுப் பெட்டியில் ஒன்று இருந்தால், தைத்தவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு, அவர் பெயர், தெரு, ஆண்டு, எந்தத் துணியில் வெட்டியது என்பதை வெள்ளைப் பருத்தி நாடாவில் எழுதி, பொம்மையின் பிடரியில் இரண்டு தையல் போட்டு வையுங்கள். எழுதுவதற்குப் பென்சில் போதும். போல்பேனா வேண்டாம், கொழும்பு ஈரத்தில் மை ஊறித் துணியில் இறங்கிவிடும். பசையும் வேண்டாம், கரப்பான் இருக்கிறது.